கடல்மேல் நடக்கப் போன அண்ணன்

1

இந்த வாரம் காலைச் செய்தியில் மறுபடியும் அந்த எச்சரிக்கையைச் சொன்னார்கள். கடலில் உறைந்திருக்கும் பனிக்கட்டி மெலியத் தொடங்கிவிட்டது, பாலங்களுக்கு அடியிலும் படகுத்துறைகளை ஒட்டியும் யாரும் நடக்க வேண்டாம். குளிர்காலம் முடியப்போகும் நேரத்தில் வருஷா வருஷம் சொல்வதுதான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் நான். இந்த முறை அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அண்ணன் தண்ணீருக்குள் போய் ஒரு வருஷம் ஆகிறது.

நான் லூர்து மேரி. ஓசூரை அடுத்த மத்திகிரியில் பிறந்தவள். ஃபின்லாந்தில் தம்பெரே என்ற ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் உதவியாளராக இருக்கிறேன். கணவர் வின்சென்ட்டுக்கு இயந்திரங்களை வடிவமைக்கும் வேலை. மகள் நிர்மலா. மூன்று வயதில் இங்கே தூக்கிக்கொண்டு வந்தோம், இப்போது பதினேழு. பள்ளிக்கூடத்தில் நிம்மி. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

நடந்ததை இத்தனை நாள் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. அவர் உத்தரவு போட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. போன மாதம் அவரே ரோசி அண்ணியிடம் சொல்லிவிட்டாராம். “இனிமே நீயும் எழுதிக்கோ” என்று என்னிடம் சொன்னார். “போட்டோ மட்டும் போடாத.”

2

சூசை அண்ணனுக்கு ஓசூரில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை இருக்கிறது. சிப்காட்டில் உள்ள கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுப்பார். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். எந்நேரமும் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர் குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடத் தெருமுனை ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. ஆனேக்கல்லில் ஒரு கன்னடக்கார மேஸ்திரியிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர், அன்றைக்கு எங்கள் வீட்டுக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார். என்னைப் படிக்க வைத்தவரும் கல்யாணம் செய்து வைத்தவரும் அவர்தான். அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசலாம் என்ற நினைப்பே வந்ததில்லை.

போன வருஷம் பிப்ரவரியில் அவர் எங்களைப் பார்க்க வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் மகள் பெனிட்டா நர்சிங் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்து மேற்படிப்புப் படித்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று என்னிடம் கேட்டிருந்தாள். நானும் விவரங்களை அனுப்பியிருந்தேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “நானே போய்ப் பாத்துட்டு வந்து முடிவு சொல்றன்” என்று கிளம்பிவிட்டார். முடிவு என்னவென்று எல்லாருக்கும் தெரியும். வேண்டாம் என்பதற்கு நாலு காரணங்களைக் கண்ணால் பார்த்து எடுத்துப்போக வந்திருந்தார்.

வந்த அன்றைக்கே முதல் காரணம் கிடைத்தது. அவருக்கும் நிம்மிக்கும் பேச்சே நடக்கவில்லை.

“ஏம்மா, எத்தனாவது படிக்கிற?”

நிம்மிக்குக் கேள்வி புரியும். ஆனால் பதில் அவளுக்கு ஃபின்னிஷில்தான் வரும். அவள் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தார்.

“இது என்னா, ஊடால நீ எதுக்கு? அதுக்கு வாய் இல்லியா?”

“கேட்டா புரியுதுண்ணா. பேசத்தான் கூச்சப்படுது.”

“தெலுங்கு வீட்டுப் புள்ளைங்க நம்ம தெருவுல தமிழ் பேசுது. கன்னடக்காரங்க புள்ளைங்க பேசுது. தமிழ் வீட்டுப் புள்ளைக்குக் கூச்சம்.”

ஓசூரில் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று மொழியில் பேசிவிட்டு வருவோம். யாரும் அதைக் கற்றுக்கொடுத்ததில்லை. இங்கே நான்கு சுவருக்குள் இரண்டு பேர் பேசும் ஒரு மொழி பிள்ளைக்கு ஏறவில்லை என்பதை நான் எப்படி விளக்குவது?

குளிரைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. “நாங்க ஓசூர்க்காரங்க. வெள்ளக்காரனே குளிருக்காகத் தேடி வந்த ஊரு” என்று சொல்லிவிட்டு, வின்சென்ட்டின் மேலங்கிக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

3

என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கத் தலைநகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. நிம்மிக்கும் பள்ளி விடுமுறை. வின்சென்ட்டுக்கு வேலை. அண்ணனையும் அழைத்துக்கொண்டு காலை ரயிலில் ஹெல்சின்கிக்குப் போனோம். கடலைப் பார்க்கலாம் என்று நான் சொன்னதும்தான் அவர் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணியில் பார்ப்பதுதான்.

தூதரகத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வழக்கம்போல ‘சின்னப்பன்’ என்று எழுதினேன். அது எங்கள் அப்பாவின் பெயர். இந்த நாட்டில் அலுவலகங்களில் என்னைச் சின்னப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் சில மாதங்கள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் எழுந்தே போகாமல் இருந்திருக்கிறேன்.

அங்கிருந்து நடந்து துறைமுகத்துக்கு வந்தோம். வெயில் பளீரென்று இருந்தது, சூடு மட்டும் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய சந்தையில் ஆரஞ்சு நிறக் கூடாரங்களுக்குள் காபியும் வறுத்த சின்ன மீனும் விற்றுக்கொண்டிருந்தார்கள். எதிரே தீவுகளுக்குப் போகும் படகு ஒன்று வெள்ளைத் தரையை உடைத்துக்கொண்டு வந்தது. உடைந்த பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மோதும் சத்தம் கரைவரை கேட்டது.

அண்ணன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “கடல் எங்க?”

“இதுதாண்ணா.”

“இது ரோடு மாதிரி இருக்குது.”

“உறைஞ்சுபோச்சு.”

அவர் நம்பவில்லை. ஏரி என்றால் ஒப்புக்கொள்வேன், கடல் எப்படி உறையும் என்றார். நிம்மி தன் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். நீல நிறத்தின் விளிம்பில் எங்கள் புள்ளி நின்றது. அண்ணன் படத்தைப் பார்த்தார், எதிரே இருந்த வெள்ளையைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. ஏமாற்றம் என்று முதலில் நினைத்தேன். அது பயம் கலந்த ஏதோ ஒன்று. “அலை இல்லாம, சத்தம் இல்லாம… செத்துப்போன மாதிரி கெடக்குது” என்றார். எனக்கும் முதல் குளிர்காலத்தில் அப்படித்தான் இருந்தது. எப்போது பழகினேன் என்று தெரியவில்லை.

நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு விரிகுடா இருக்கிறது. அங்கே பனிக்கட்டி தடிமனாக இருக்கும், ஆட்கள் நடப்பார்கள் என்று நிம்மி சொன்னாள். டிராம் ஏறிப் போனோம். உண்மையிலேயே கடல்மேல் ஒரு ஊரே நடமாடிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு தாய் போனாள். பனிச்சறுக்குக் கட்டைகளோடு சிலர், நாய்களோடு சிலர். தூரத்தில் ஒரு பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து, பனியில் துளை போட்டுத் தூண்டில் விட்டிருந்தார்.

அண்ணன் ஒரு காலை வைத்துப் பார்த்தார். இன்னொரு காலையும் வைத்தார். பிறகு குதிகாலால் தட்டிப் பார்த்தார், பட்டறையில் இரும்புத் தகட்டைத் தட்டிப் பார்ப்பது போல.

“கெட்டியாத்தான் இருக்குது” என்றார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

4

கரையிலிருந்து பக்கத்தில் இருந்த ஒரு குட்டித் தீவுக்கு மரப்பாலம் ஒன்று போயிற்று. பாலத்தைப் பின்னால் வைத்து, கடல்மேல் நின்று ஒரு படம் வேண்டும் என்றார் அண்ணன். பட்டறையில் காட்ட வேண்டுமாம். எல்லாரும் நடந்து பதிந்திருந்த தடத்தை விட்டு விலகிப் பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

நிம்மி சட்டென்று நின்றாள். “மாமா, அங்க வேணாம். தண்ணி ஓடும்.”

அவர் வந்து அன்றைக்குப் பத்தாம் நாள். அவள் அவரிடம் நேராகத் தமிழில் பேசிய முதல் வார்த்தைகள் அவை. அண்ணன் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவர் முகம் நன்றாக நினைவிருக்கிறது. மகிழ்ந்துபோயிருந்தார். பிள்ளை தமிழ் பேசிவிட்டது என்பதுதான் அவருக்குக் கேட்டது. என்ன பேசியது என்பது கேட்கவில்லை.

“ஐஸ்ல எங்கம்மா தண்ணி ஓடுது? இங்கயே நில்லு, மாமன் நின்னு காட்டறன்.”

“அண்ணா, அவ சொல்றத…” என்று நானும் ஆரம்பித்தேன்.

“நீ போட்டோ எடு.”

துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. அண்ணன் நின்ற இடத்தில் அண்ணன் இல்லை. குல்லா மட்டும் கறுப்புத் தண்ணீரில் மிதந்தது. அவ்வளவு வெள்ளைக்கு நடுவே தண்ணீர் அவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தலை மேலே வந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மூச்சை இழுக்கிறார், இழுக்கிறார், விட முடியவில்லை. நான் கத்திக்கொண்டு முன்னால் ஓடினேன்.

“அம்மா, நில்லு!”

அந்தக் குரலைக் கேட்டு நின்றேன். நிம்மி ஏற்கெனவே பனிக்கட்டிமேல் குப்புறப் படுத்திருந்தாள். தொலைபேசி அவள் பக்கத்தில் கிடந்தது, அவசர எண்ணில் யாரோ அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிம்மி அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே முன்னால் ஊர்ந்தாள். எனக்கு ஃபின்னிஷ் நன்றாகத் தெரியும். தினமும் எட்டு மணி நேரம் அதில் வேலை செய்கிறேன். அந்த நேரத்தில் ஒரு சொல்கூட எனக்குள் போகவில்லை. எனோ, எனோ என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. இவள் ஏன் தமிழில் ‘ஏனோ, ஏனோ’ என்கிறாள் என்று மூளை எங்கேயோ மேய்ந்தது. பிறகுதான் உறைத்தது. தாயின் உடன்பிறந்தவனுக்கு இந்த மொழியில் எனோ என்று தனியாகவே ஒரு சொல் இருக்கிறது. தண்ணீரில் யார் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். மாமா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்தக் கம்பம். வளையம் எடுத்துட்டு வா. ஓடு.”

கரையோரப் படகுத்துறையில் ஒரு கம்பத்தில் உயிர்காப்பு வளையம் கயிற்றோடு தொங்கியது. ஓடினேன், விழுந்தேன், எழுந்து ஓடினேன். திரும்பி வரும்போது நிம்மியின் குரல் விரிகுடா முழுக்கக் கேட்டது.

“என்னைப் பாரு! மாமா, என்னைப் பாரு! அங்க பாக்காத!”

அண்ணனின் இரண்டு கையும் பனிக்கட்டியின் விளிம்பில் இருந்தன. விளிம்பு உடைந்து உடைந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு கை வழுகி இறங்கியது. அவர் அதைத் திரும்பத் தூக்கவில்லை.

“கையைத் தூக்கு! தூங்காத! ஒதை! காலை ஒதை! ஏய், ஒதை!”

எங்கள் ஊரில் சூசை அண்ணனை யாரும் ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் அம்மாவே கடைசிக் காலத்தில் ‘வாங்கப்பா’ என்றுதான் கூப்பிட்டாள். இவள் பதினாறு வயதுப் பெண் அவரைப் பார்த்து ஏய் என்கிறாள். அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். எந்திரி, தூங்காத, இங்க பாரு, கையைக் காட்டு, சீக்கிரம். எல்லாம் நான் அவளை விரட்டும் சொற்கள். வேறு எப்படியும் தமிழில் யாரிடமும் பேச அவளுக்கு வாய்ப்பே இருந்ததில்லை.

வளையத்தை அவளிடம் சறுக்கிவிட்டேன். அவள் வீசிய முதல் வீச்சு தவறியது. இரண்டாவது அவர் தோளில் பட்டது.

“கையை உள்ள விடு! விடு! சொல்றேன்ல!”

அண்ணன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திடீரென்று உயிர் வந்தது. கையை வளையத்துக்குள் நுழைத்தார். தண்ணீருக்குள் கால்கள் அடிக்கத் தொடங்கின.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் அதற்குள் எங்கள் பக்கத்தில் வந்து படுத்திருந்தார். கயிற்றை மூன்று பேரும் இழுத்தோம். அண்ணன் ஒரு பெரிய மீனைப் போல வயிறு தேய்ந்து மேலே வந்தார். வந்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார்.

“எந்திரிக்காத! படு! பொரளு, இப்படிப் பொரளு!”

அண்ணன் படுத்தார். அவள் சொன்ன பக்கம் புரண்டு புரண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

5

ஆம்புலன்ஸில் அவரை அசையவிடவில்லை. ஈர உடைகளைக் கத்தரித்துவிட்டுப் போர்வைகளால் சுற்றினார்கள். உதடு நீலமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். மருத்துவ உதவியாளர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார், எங்காவது வலிக்கிறதா என்று கேட்டார். குனிந்து கேட்டேன்.

“மிஷின் நில்ஸு… மிஷின் நில்ஸு…”

கன்னடம். மிஷினை நிறுத்து என்கிறார். ஆனேக்கல் பட்டறையில் கற்றுக்கொண்ட நாளில் இருந்தார் போல. “ஏதோ ஒரு இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறார்” என்றேன். “உங்கள் மொழியா?” என்றார். “இல்லை, பக்கத்து மாநிலத்து மொழி” என்றேன். அவர் எழுதுவதற்காக எடுத்த பேனாவைத் திரும்ப வைத்துவிட்டார்.

மருத்துவமனையில் ஒரு செவிலியர் என்னிடம் விவரம் கேட்டார்.

“இவர் சின்னப்பன். நீங்களும் சின்னப்பன். கணவரா?”

“அண்ணன்.”

“இந்தப் பெண்?”

“என் மகள்.”

“பெயர் வின்சென்ட் என்றிருக்கிறதே.”

“அது அவள் அப்பாவின் முதற்பெயர்.”

“அப்படியானால் அவள் அப்பாவின் குடும்பப் பெயர்?”

“ஆரோக்கியம். அது அவருடைய அப்பாவின் பெயர்.”

அவர் அன்பானவர்தான். தப்பு நடந்துவிடக்கூடாதே என்று கேட்டார். ஆனால் நான் அங்கேயே உடைந்துபோனேன். உள்ளே என் அண்ணன் பிழைப்பாரா என்று தெரியவில்லை. வெளியே நாங்கள் மூன்று பேரும் ஒரே குடும்பம் என்பதை நான் நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். செவிலியர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் மருத்துவர் வந்து, உடம்பு சூடு திரும்புகிறது, இதயம் சீராக இருக்கிறது, இன்றிரவு மட்டும் இங்கே இருக்கட்டும் என்றார். அப்போதுதான் நிம்மியைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பல் தந்தியடித்தது. அதுவரை யாரும் அவளைக் கவனிக்கவில்லை, நானும்தான்.

“எங்க கத்துக்கிட்ட இதெல்லாம்?”

“பள்ளிக்கூடத்தில். நீச்சல் வகுப்பில் உடையோடு தண்ணீரில் இறங்கச் சொல்வார்கள். எல்லாருக்கும் தெரியும் அம்மா.” ஃபின்னிஷில்தான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். “மாமா கோபமாக இருப்பாரா?”

“எதுக்கு?”

“பெரியவர்களிடம் வேறு மாதிரிப் பேச வேண்டும் இல்லையா? ஊரில் எல்லாரும் அவரிடம் நீளமாகப் பேசுவார்கள். வார்த்தைக்குப் பின்னால் ஏதோ சேர்ப்பார்கள். எனக்கு அது வரவில்லை.”

‘ங்க’ என்பதைத்தான் சொல்கிறாள். ஒரு மனிதரைக் கடலிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு, அந்த இரண்டு எழுத்துக்காக அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்து என் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டேன்.

6

இரவு ஒரு விடுதியில் தங்கினோம். வின்சென்ட் கடைசி ரயிலைப் பிடித்து வந்துவிட்டார். காலையில் போனபோது அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சியை முறைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவைத்தார்.

“ஊருக்கு ஃபோன் பண்ணிட்டியா?”

“இல்லண்ணா.”

“பண்ணாத. ரோசி பயந்துடுவா.”

நிம்மி கதவோரமே நின்றாள். வழியெல்லாம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்ததைச் சொன்னாள்.

“மாமா, சாரிங்க. நேத்து… நான் ‘வாங்க’ சொல்லல.”

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்பா இறந்த அன்றைக்கு. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

“இங்க வா” என்றார். அவள் போனாள். அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். பேசியது என்னவோ என்னிடம்தான்.

“லூர்து, உள்ள போனதும் எனக்கு ஒண்ணுமே தோணல. பயங்கூட இல்ல. சரி, முடிஞ்சுபோச்சுன்னு இருந்துச்சு. கை அதுவாவே விட்டுடுச்சு. அப்பத்தான் இது கத்துச்சு. ஏய், ஒதைன்னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். யாரப் பாத்துடி ஏய்ங்கறன்னு. அந்தக் கோவத்துலதான் ஒதைச்சன்.”

வின்சென்ட் சிரித்துவிட்டார். நிம்மியும் புரிந்துகொண்டு சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்க மாப்பிள்ள. ராத்திரி பூரா அதையே நெனச்சுக்கிட்டு இருந்தன். இதே எங்க ஊரு ஏரியில விழுந்திருந்தா என்னாவும்? ரோசி கரையில நின்னு அழுவா. பெனிட்டா அழுவா. பட்டறப் பசங்க, ‘அண்ணே, பாத்துங்கண்ணே’ம்பானுங்க. ஒருத்தரும் என்னை அதட்ட மாட்டாங்க. அதட்ட வராது. நாந்தான் அப்படி வெச்சிருக்கன்.”

வெளியே பனியைத் தள்ளும் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“பெனிட்டாவ அனுப்பறன்” என்றார்.

நான் அவரை வெறித்துப் பார்த்தேன். முந்தின நாள் பனிக்கட்டி உடைந்தபோதுகூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்ததா என்று தெரியவில்லை. “அண்ணா, இப்ப என்னா அவசரம்? உடம்பு தேறட்டும். ஊருக்குப் போயி நிதானமா யோசிங்க. நீங்களே இந்தக் கடல்ல விழுந்துட்டு…”

“விழுந்ததனாலதான் சொல்றன். என் பொண்ணும் இப்படி ஒரு தடவ யாரையாச்சும் அதட்டணும். ஊர்ல இருந்தா அதுக்கு அதட்ட வராது.”

நிம்மி என் பக்கம் திரும்பி, மாமா என்ன சொல்கிறார் என்று ஃபின்னிஷில் மெதுவாகக் கேட்டாள். அன்றைக்கு அதை மொழிபெயர்க்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

7

பெனிட்டா ஆகஸ்டில் வந்தாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, படிக்கும் இடத்துக்கு அருகில் ஓர் அறையில் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். நிம்மி அவளுக்கு ஃபின்னிஷ் சொல்லிக்கொடுக்கிறாள், அவள் நிம்மிக்குத் தமிழ். அந்தத் தமிழில் தெலுங்கும் கன்னடமும் கலந்து கிடக்கும். அது மத்திகிரித் தமிழ், அப்படித்தான் இருக்கும்.

நான் இன்னும் பனிக்கட்டிமேல் கால் வைப்பதில்லை. நிம்மி போகிறாள். கழுத்தில் இரண்டு கூரான பிடிகளைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு போகிறாள், விழுந்தால் குத்தி மேலேறுவதற்கு. அவள் திரும்பி வரும்வரை நான் ஜன்னலருகே நிற்கிறேன். என் மகள் என்னை விட்டு வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று பல வருஷமாக அழுதிருக்கிறேன். அவள் போன இடத்தில் எதையெல்லாம் கற்றுக்கொண்டாள் என்பது அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. தெரிந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி முழுதாக இன்னும் அடங்கவில்லை. அதில் பெருமையும் இருக்கிறது. ஆனால் அதிர்ச்சிதான் அதிகம்.

போன ஞாயிறு அண்ணன் வீடியோவில் வந்தார். பின்னால் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. பெனிட்டா ஒரு மருத்துவமனையில் சாயங்கால முறை வேலைக்குச் சேரப்போவதாகச் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன் பாதியிலேயே வெட்டினார்.

“சாயங்காலம் எதுக்கு? பொம்பளப் புள்ள, இருட்டுல போயிட்டு வந்துக்கிட்டு… அதெல்லாம் வேணா. காலையில இருந்தா பாரு, இல்லன்னா…”

“அப்பா, இருங்க” என்றாள் பெனிட்டா. குரல் கொஞ்சம் நடுங்கியது. “நான் சொல்றத மொதல்ல முழுசாக் கேளுங்க.”

நான் சாதத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். பெனிட்டாவும் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்பாதவள் போலத்தான் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் அசையவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவர் பின்பக்கம் திரும்பி, யாரிடமோ மிஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். சத்தம் நின்றது.

“ம், சொல்லு” என்றார்.